மரை கழலாத இத்தாலியன்

இத்தாலிய ரோடு சைக்கிள் ஒன்றைச் சுவரில் சாய்த்துப் படமெடுத்துப் போட்டால் போதும், கூட்டம் கூடிவிடும். பாதிப் பேர் பெயின்ட்டைப் பார்த்து "அருமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மிச்சப் பேர்தான் வில்லங்கம். படத்தைப் பெரிதாக்கி, ஹேண்டில்பார் ஸ்டெம்முக்குள் (அதைப் பிடிக்கும் கழுத்து) நுழையும் இடம், கிராங்க்குக்கும் (பெடலைத் தாங்கும் தண்டு) ஃபிரேமுக்கும் நடுவில் உள்ள இடுக்கு, பின் டெரெய்லரில் (கியர் மாற்றும் கருவி) பொறித்திருக்கும் வருஷம் என்று ஒவ்வொன்றாக நோண்டுவார்கள். டவுன் ட்யூபில் (ஃபிரேமின் கீழ்ச்சாய்வுக் குழாய்) கொல்னாகோ என்று எழுதியிருந்தாலும் சரி, டி ரோசா, பியாங்கி, பினரெல்லோ என்று இருந்தாலும் சரி, அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: சாமான்கள் தானாகப் பொருந்தியதா, அடித்துப் பிடித்து உட்கார வைத்ததா?

விலையை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அளவை வைத்துத்தான் சொல்ல முடியும். அன்றைய இத்தாலியர்கள் மரையிலும் விட்டத்திலும் தங்களுக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். 36-க்கும் 34.8-க்கும், 26.4-க்கும் 26.0-க்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் சாமான் வாங்கினால், பீரோவில் அழகாக அடுக்கி வைக்க வேண்டியதுதான். 1970, 80-களின் ஸ்டீல் ஃபிரேமை வைத்தே பேசுவோம். இந்தக் குழப்பமெல்லாம் உச்சத்தில் இருந்த காலம் அது.

ஸ்டிக்கரை விட்டுவிட்டு சீட் போஸ்ட்டை அளந்து பாருங்கள்

மிலானில் 1919-இல் தொடங்கிய கொலம்பஸ் கம்பெனியின் குழாய்தான் அக்காலத்து நல்ல இத்தாலிய ஃபிரேம்களில் பெரும்பாலானவற்றுக்கு உடம்பு. புறாப் படம் போட்ட அதன் ஸ்டிக்கர் சீட் ட்யூபில் இருக்கும். ஸ்டிக்கர் தனியாகவும் விலைக்குக் கிடைக்கும் என்பதுதான் சிக்கல். மறுபெயின்ட் அடிக்கிறவர் எதை வேண்டுமானாலும் ஒட்டலாம்.

சீட்டைத் தாங்கி, சீட் ட்யூபுக்குள் இறங்கும் சீட் போஸ்ட் அப்படி ஏமாற்றாது. சீட் ட்யூபின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. கொலம்பஸ் எஸ்.எல். குழாயில் மேல்முனையின் தகட்டுக் கனம் 0.6. இரண்டு பக்கத்துக்கும் 1.2-ஐக் கழித்தால் உள்விட்டம் 27.4. அதில் 27.2 போஸ்ட் வழுக்கிக்கொண்டு இறங்கும். பெரிய ஆட்களுக்கும் பெரிய ஃபிரேம்களுக்கும் போட்ட எஸ்.பி. குழாயில் கனம் 0.7, ஆகவே போஸ்ட் 27.0. "எஸ்.எல். ஃபிரேம்" என்று விற்கிறவர் 26.8 போஸ்ட் போட்டிருந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. குழாய் வேறாக இருக்க வேண்டும், அல்லது யாரோ சின்ன போஸ்ட்டைச் செருகி, வழுக்காமல் இருக்கக் கிளாம்ப்பை முறுக்கி முறுக்கி வாயைச் சுருக்கியிருக்க வேண்டும். சீட் லக்கின் (சீட் ட்யூபின் மேல்மூட்டு) பின்பக்கக் காதுகளைப் பாருங்கள். நல்ல ஃபிரேமில் இரண்டும் இணையாக நிற்கும். சுருக்கிய ஃபிரேமில் முனைகள் ஒன்றையொன்று முத்தமிடப் போகிற மாதிரி உள்ளே சாய்ந்திருக்கும்.

கொலம்பஸின் இன்னொரு குழாயான எஸ்.எல்.எக்ஸ். என்றால் சோதனை இன்னும் சுலபம். பாட்டம் பிராக்கெட்டை (கிராங்க் சுழலும் அடி பேரிங்) கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால், டவுன் ட்யூபின் அடிமுனைக்குள் ஐந்து வரம்புகள் துப்பாக்கிக் குழலுக்குள் போலச் சுருண்டு போவது தெரியும். வரம்பு இல்லையென்றால் அது எஸ்.எல்.எக்ஸ். இல்லை, ஸ்டிக்கர் என்ன சொன்னாலும்.

அலுமினிய போஸ்ட்டும் ஸ்டீல் குழாயும் ஈரத்தில் சேர்ந்தால் அரித்து ஒட்டிக்கொள்ளும். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது போஸ்ட்டை உருவி, துடைத்து, கிரீஸ் பூசிப் போட வேண்டும். ஒட்டிப்போன போஸ்ட்டை எடுப்பதற்குள் பெயின்ட்டும் போய்விடும், பொறுமையும் போய்விடும்.

36 × 24

இத்தாலிய ஃபிரேமின் குணம் முழுக்கத் தெரிவது பாட்டம் பிராக்கெட்டில்தான். அது உட்காரும் கூடான ஷெல்லின் அகலம் 70 மி.மீ. மரையின் விட்டம் 36 மி.மீ., அங்குலத்துக்கு 24 புரி. மில்லிமீட்டரையும் அங்குலத்தையும் ஒரே மரையில் கட்டிவைத்த விசித்திரம் இது. இங்கிலீஷ் அளவு என்று நாம் சொல்லும் மற்றதில் ஷெல் 68 மி.மீ., விட்டம் 1.37 அங்குலம் (34.8 மி.மீ.), புரி அதே 24. அங்கே வலப்பக்கக் கப்புக்கு (பேரிங்கைத் தாங்கி ஷெல்லில் திருகி ஏறும் கிண்ணம்) இடதுமரை. இத்தாலியனில் இரண்டு பக்கமும் சாதாரண வலதுமரை.

வினை இங்கேதான் தொடங்குகிறது. கட்டை விரலையும் சுட்டு விரலையும் வளையமாக, தளர்வாகப் பிடித்து, உள்ளே ஒரு பென்சிலை விட்டு, அதன் முனையை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். நாம் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் பென்சில் தானாக உருளும். சுழன்று சுழன்று வரும் சுமைக்குள் தளர்வாக உட்கார்ந்த எந்த உருளைக்கும் இதே கதி. வலப்பக்கக் கப் மரைக்குள் ஒரு நூல் தளர்வாக இருந்தாலும், பெடல் மிதிக்க மிதிக்க அது கடிகார முள்ளுக்கு எதிராக ஊர்ந்து போகும். இங்கிலீஷ் மரையில் அந்தத் திசை இறுக்கும் திசை. இத்தாலிய மரையில் கழற்றும் திசை. "மரை கழன்ற கேஸ்" என்று ஆளைத் திட்டுவோமே, இது சைக்கிளின் அசல் மரை கழன்ற கேஸ்.

சரியாக மாட்டினால் கழலாது. வரிசை இதுதான். பழைய கிரீஸை டீசலோ டிகிரீசரோ போட்டு, டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு புரியாகத் தேய்த்து எடுத்துவிட்டு, கடைசியில் ஆல்கஹாலால் துடைத்துக் காய விடுங்கள். மரைக்குள் பெயின்ட் படிந்திருந்தால் மரை வெட்டும் கருவியான 36 × 24 டேப் விட்டு எடுக்க வேண்டும். அந்த டேப் எல்லாக் கடையிலும் இருக்காது. அப்போது ஒரு பழைய ஸ்டீல் கப்பை எடுத்து, அதன் மரைக்குக் குறுக்கே ஹேக்ஸா பிளேடால் இரண்டு மூன்று வெட்டு போட்டால், பெயின்ட்டைச் சுரண்டி எடுக்கும் அளவுக்கு டேப் வேலையைச் செய்யும். கெட்டுப்போன மரையை அது திருத்தாது.

பிறகு வலப்பக்கக் கப். இதற்குக் கிரீஸ் வேண்டாம். மரையைப் பூட்டும் பசையான லாக்டைட் 222 இரண்டு மூன்று சொட்டு, நடுப் புரிகளில். கப் ரொம்பத் தளர்வாக உட்கார்ந்தால் 243. பிளம்பர் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பையும் பலர் சுற்றுகிறார்கள். அது இடைவெளியை நிரப்பும், கிரீச் சத்தத்தை அடக்கும், ஆனால் கப்பைப் பூட்டாது. முதல் தேர்வாக அதைச் சொல்ல மாட்டோம். பழைய காலத்து வலப்பக்கக் கப்பில் ஸ்பேனர் பிடிக்கும் விளிம்பு மெல்லியது, வழுக்கினால் பெயின்ட்டும் விரல் முட்டியும் சேர்ந்தே போகும். நீள போல்ட்டையும் பெரிய வாஷரையும் வைத்து ஸ்பேனரைக் கப்போடு சேர்த்துக் கட்டிவிட்டு, முழு எடையைப் போட்டு இழுங்கள். இன்றைய வெளிப்பக்க பேரிங் கப் என்றால் 35 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வைத்து.

இடப்பக்கக் கப்புக்குக் கிரீஸ். இத்தாலிய சாமான் கம்பெனியான காம்பன்யோலோவின் பழைய ரெக்கார்ட் வகை என்றால் கால் அங்குலக் குண்டு பக்கத்துக்கு 11. ஆட்டம் போகும்வரை கப்பைத் திருகி, ஆக்சில் விரலில் கரகரக்காத இடத்தில் நிறுத்தி, லாக்ரிங்கைப் பூட்டுங்கள். லாக்ரிங் இறுகும்போது கப்பையும் சேர்த்துக் கொஞ்சம் இழுக்கும், அதனால் ஒரு நூல் தளர்வாகவே விட்டுப் பூட்டுவது பழக்கம். லாக்டைட் பிடிக்க ஒரு நாள் விடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் வலக் கப்பை ஸ்பேனர் வைத்து ஒரு தடவை சோதியுங்கள்.

இன்னொரு விஷயம். இங்கிலீஷ் ஷெல்லின் மரை கெட்டுப்போனால் அதைப் பெரிதாக்கி 36 × 24 வெட்டிக் காப்பாற்றலாம். இத்தாலியனுக்கு அதற்கு மேலே போக இடமில்லை. கெட்டால் மரையே தேவைப்படாத, உள்ளே விரிந்து பிடிக்கும் வகைதான் கதி. இத்தாலியப் பெயர் இருந்தாலே இத்தாலிய மரை என்றும் நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டுக்குப் போன சில ஃபிரேம்கள் இங்கிலீஷ் மரையோடு போயிருக்கின்றன. வெர்னியர் வைத்து ஷெல் அகலத்தை அளந்துவிட்டு, பழைய கப்பின் முகத்தில் "36 × 24" என்ற பொறிப்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று தோன்றினால், பினரெல்லோவின் கார்பன் டாக்மா வரிசையைப் பாருங்கள். 2014-இன் எஃப்8 முதல் எஃப்12 வரை அதே இத்தாலிய மரைதான். மற்றவர்கள் அழுத்திச் செருகும் பேரிங்கோடு கிரீச் சத்தத்தில் மல்லுக்கட்டிய அதே வருஷங்கள். இந்த ஒரு பிடிவாதத்துக்காக அவர்களுக்கு ஒரு கும்பிடு.

ஆக்சில், கிராங்க், விரிசல்

சதுர முனை ஆக்சிலிலும் இரண்டு குலம் உண்டு. காம்பன்யோலோ பின்பற்றுவது ஐ.எஸ்.ஓ. அளவு, ஷிமானோவும் மற்ற ஜப்பானியர்களும் ஜே.ஐ.எஸ். சாய்வு இரண்டுக்கும் ஒன்றுதான், முனையின் பருமன்தான் வேறு. காம்பன்யோலோ கிராங்க்கை அதே நீளமுள்ள ஜப்பானிய ஆக்சிலில் ஏற்றினால், இருக்க வேண்டிய இடத்திலிருந்து 4.5 மி.மீ. வெளியே நின்றுவிடும். செயின் ஓடும் நேர்கோடு (செயின் லைன்) போய்விடும், முன் டெரெய்லர் எட்டாது. தலைகீழாகப் போட்டால் இன்னும் மோசம். ஜப்பானிய கிராங்க் ஐ.எஸ்.ஓ. முனையில் ஆழமாக இறங்கி, போல்ட் இறுகியும் கிராங்க் இறுகாத நிலை வரும், அப்படியே ஓட்டினால் சதுர ஓட்டை வட்டமாகும். படத்தில் கிராங்க்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தால், விஷயம் தெரிந்தவர்கள் ஒன்றும் சொல்லாமல் சிரிப்பது இதற்குத்தான்.

பழைய காம்பன்யோலோ கிராங்க் போல்ட்டுக்கு 15 மி.மீ. சாக்கெட், ஷிமானோவுக்கு 14. மாட்டும்போது ஆக்சில் முனையில் கிரீஸ் பூசலாமா கூடாதா என்று ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும், நாம் தாண்டிப் போவோம்.

காம்பன்யோலோவின் நுவோவோ ரெக்கார்ட், சூப்பர் ரெக்கார்ட் கிராங்க் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்க்கும் முன் பின்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். வலது கிராங்க்கில் செயின்ரிங்கை (முன் பல்சக்கரம்) தாங்கும் ஐந்து கை பிரியும் இடத்தில், தண்டுக்கும் பக்கத்துக் கைக்கும் நடுவே ஒரு கூரிய மூலை இருக்கிறது. பாரம் அங்கேதான் குவியும், விரிசலும் அங்கேதான் கிளம்பும். அழுக்கை நன்றாகத் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தாலும் அந்தக் கிராங்க் இனிமேல் சுவருக்குத்தான். கோடு இல்லாவிட்டால், அந்த மூலையை மெல்லிய அரத்தாலும் 600 எமெரித் தாளாலும் வளைவாக்கி, கீறலே இல்லாமல் மெருகேற்றிவிடுவது பழைய கைகளின் வழக்கம். கீறலிலிருந்துதான் விரிசல் பிறக்கும்.

அந்தக் காலத்துக் கிராங்க்கில் செயின்ரிங் போல்ட்டுகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 144 மி.மீ. அதில் 41 பல்லுக்குக் கீழே செயின்ரிங் போட முடியாது, வழக்கமாக இருப்பது 42. 1980-களின் நடுவில் வட்டம் 135 ஆனபோது 39 வரை இறங்க வழி கிடைத்தது. 42-க்குப் பின்னால் 26 போட்டாலும் விகிதம் 1.6. இன்றைக்கு 34-க்கு 32 போட்டு ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்று மலை ஏறுகிறவர்களின் முழங்கால் இதைக் கேட்டாலே வலிக்கும். நுவோவோ ரெக்கார்ட் டெரெய்லருக்கு 26 பல்லே ஏறக்குறைய எல்லை என்பதால் பின்பக்கமும் பெரிதாகப் போக வழியில்லை. டஸ்கனியின் கயோலேயில் 1997-இல் தொடங்கிய லெரோய்கா ஓட்டத்தில், வெள்ளை மண் சாலை ஏற்றங்களில் அழகான சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடப்பவர்களைப் பார்க்கலாம். 1987-க்கு முந்தைய ரகம், டவுன் ட்யூபில் கியர் லீவர், வெளியே தெரியும் பிரேக் கேபிள், கால்கூடும் வாரும் போட்ட பெடல் என்று அங்கே விதி. இவ்வளவையும் காப்பாற்றிக்கொண்டு முழங்காலையும் காப்பாற்றுவது ஒரு கலை.

0.4 மி.மீ.

சினெல்லி ஹேண்டில்பார் பல ஆண்டுகள் நடுவில் 26.4 மி.மீ. பருமன். மற்ற இத்தாலியர்களுக்குப் பொதுவாக 26.0, 3டி கம்பெனியின் பழைய பாரில் 25.8-உம் உண்டு. வித்தியாசம் நகக்கண் அளவுகூட இல்லை. ஆனால் 26.0 பாரை 26.4 ஸ்டெம்மில் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஏற்றத்தில் எழுந்து மிதிக்கும்போது முனகும், ஒரு நாள் பள்ளத்தில் விழும்போது கீழே சுற்றும். முனகலை நிறுத்த இன்னும் இறுக்குவார்கள், அது ஸ்டெம்மை வெடிக்க வைக்கும். 26.4 பாரை 26.0 ஸ்டெம்மில் திணிக்க வாயை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறப்பது அதைவிடப் பெரிய பாவம். கோக் டப்பா தகட்டை வெட்டிச் சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். காட்சிக்கு வைக்கும் சைக்கிள் என்றால் சரி, மலையிறக்கத்தில் நம் பற்கள் அந்தத் தகட்டை நம்பியிருக்கும்.

சினெல்லி 64 ஜிரோ டி இத்தாலியா, 65 கிரிட்டீரியம், 66 கம்பியோனே டெல் மோண்டோ என்று வளைவுக்கு ஒரு எண். 65-இன் தோள் சரிந்து இறங்குவது ஸ்பிரிண்ட் போடுகிறவர்களுக்காக. மேலே கைவைத்து நெடுநேரம் ஓட்டுகிறவருக்கு 64 போதும். படத்தில் 65 அழகு என்பதை மறுக்கவில்லை.

பின் சக்கரமும், கலப்புத் திருமணமும்

டிராப் அவுட்டுகளுக்கு (பின் ஆக்சில் உட்காரும் பிளவுகள்) நடுவில் 120 மி.மீ. என்றால் ஐந்து கியர், 126 என்றால் ஆறு அல்லது ஏழு, 130 என்றால் எட்டும் அதற்கு மேலும். 126 ஸ்டீல் ஃபிரேமை 130-க்கு விரிப்பது பக்கத்துக்கு 2 மி.மீ. வேலைதான். இரண்டு பக்கமும் சமமாக விரிந்ததா என்பதை ஹெட் ட்யூபிலிருந்து டிராப் அவுட் வரை இரு பக்கமும் நூல் கட்டி, சீட் ட்யூபிலிருந்து நூலுக்குள்ள தூரத்தை அளந்து பாருங்கள். பிறகு டிராப் அவுட்டுகளை மறுபடி இணையாக்குங்கள். இதை விட்டால் பின் ஆக்சில் வளைந்து உடையும். அலுமினியத்திலும் கார்பனிலும் இந்த விளையாட்டு வேண்டாம்.

இத்தாலியச் சைக்கிளில் ஷிமானோ போடலாமா? சண்டை மூட்ட வேண்டுமென்றால் இந்தக் கேள்வி போதும். இயந்திரம் என்ற வகையில் ஒரு குற்றமும் இல்லை. பாதி அது பாதி இது என்று போடும்போதுதான் கணக்கு வேண்டும். 10 கியரில் ஷிமானோவின் பல்சக்கரங்களுக்கு நடுவே 3.95 மி.மீ., காம்பன்யோலோவில் சுமார் 4.1. ஒன்பது இடைவெளி கூடும்போது கடைசிச் சக்கரத்தில் ஒன்றரை மி.மீ. அளவுக்குப் பிசகி, நடுவில் சரியாக இருப்பது ஓரத்தில் கரகரக்கும். 11 கியரில் இரண்டு கம்பெனியும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிட்டதால், மற்றவர் சக்கரத்தை மாட்டி கேபிளைக் கொஞ்சம் திருத்தினால் ஓடிவிடும்.

பிரேக்கில் ஒரு குறும்பு. சக்கரம் கழற்ற பிரேக்கைத் திறந்துவிடும் வசதியை ஷிமானோ பிரேக் கவ்வியிலேயே வைத்தது, காம்பன்யோலோ எர்கோபவர் என்னும் தன் பிரேக்-கியர் லீவரில் ஒரு பொத்தானாக வைத்தது. ஷிமானோ லீவரோடு அந்தக் கால காம்பன்யோலோ கவ்வியைச் சேர்த்தால் திறக்க வழியே இருக்காது, பஞ்சர் ஆனால் டயரில் காற்றை இறக்கித்தான் சக்கரத்தை உருவ வேண்டும். மாற்றிச் சேர்த்தால் இரண்டு வழி இருக்கும், அதில் ஒன்று எப்போதும் திறந்தே கிடக்கும்.

டெல்டா

காட்டிக்கொள்வதற்கென்றே பிறந்த சாமான் ஒன்று உண்டென்றால் அது காம்பன்யோலோ டெல்டா பிரேக். 1980-களின் நடுவில் சி-ரெக்கார்ட் வரிசையோடு வந்தது. முதல் பதிப்பைக் கம்பெனியே திரும்பப் பெற்றுத் திருத்தி வெளியிட்டது. வெளியே வழவழவென்று ஒரு முக்கோணம், போல்ட்டோ ஸ்ப்ரிங்கோ கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஒரு சாய்சதுரம். கேபிள் அதன் ஒரு முனையை மேலே இழுக்க, பக்க முனைகள் விரிந்து கைகளைத் தள்ள, கட்டைகள் ரிம்மைப் பிடிக்கும்.

சாய்சதுரம் தட்டையாக ஆக ஆக அதன் விசை கூடும். அதாவது பிடியின் ஆரம்பத்தில் பஞ்சு மாதிரி, கடைசியில் கல் மாதிரி. கட்டை தேயத் தேய இந்தக் குணமும் மாறிக்கொண்டே போகும். ஆகவே கட்டையை ரிம்முக்கு மிக அருகில் வைக்க வேண்டும், அதற்குச் சக்கரம் மயிரிழைகூடக் கோணாமல் இருக்க வேண்டும், தேய்மானத்தை அடிக்கடி பார்த்துத் திருத்த வேண்டும். கேபிளைப் பிடிக்கும் திருகுக்கு 3.5 மி.மீ. ஆலன் கீ. எந்த செட்டிலும் சாதாரணமாக இல்லாத அளவு. 3-ஐப் போட்டுத் திருகி வாயைக் கெடுத்தவர்கள் ஏராளம். கேபிள் முனையை உள்ளேயே கட்டையாக வெட்டி முடிப்பதால், ஒரு தடவை தவறாக வெட்டினால் புது கேபிள். எடையும் அதிகம். சுருக்கமாக, நிற்பதற்கு மோசமான பிரேக், நிற்கும்போது பார்ப்பதற்கு இதைவிட நல்ல பிரேக் கிடையாது.

படத்துக்கு முன்

அன்றைய பட்டறைகள் செயின்ரிங், ஸ்டெம், சீட் போஸ்ட் எல்லாவற்றிலும் தங்கள் பெயரையோ சின்னத்தையோ பொறித்துப் பெயின்ட் நிரப்பிக் கொடுத்தன. பான்டோகிராஃப் வேலை என்பார்கள். கொல்னாகோவுக்குக் கிளாவர் இலை, டி ரோசாவுக்கு இதயம். கிளாவர் பொறித்த ஸ்டெம்மை டி ரோசாவில் மாட்டினால் அது அடுத்த வீட்டுத் தாலி. பெயர் இல்லாத வெறும் ஸ்டெம்மே மேல். பியாங்கிக்காரர்களுக்கு வேறு தலைவலி: அந்த செலஸ்தே நிறம் காலத்துக்குக் காலம் பச்சைப் பக்கமும் நீலப் பக்கமும் சாய்ந்திருக்கிறது. ஹேண்டில்பாரில் சுற்ற இன்றைக்கு வாங்கும் செலஸ்தே டேப் 1980-களின் ஃபிரேமோடு சேர்ந்து நின்றால் இரண்டுமே பொய் மாதிரி தெரியும். வெள்ளை டேப் போட்டுவிடுங்கள், அல்லது கறுப்பு.

டெரெய்லரின் மேல்மூட்டில் "பேட். 78", "பேட். 82" என்று பொறித்திருக்கும். ஃபிரேம் வருஷத்துக்கு ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். 1975 ஃபிரேமில் "பேட். 84" இருந்தால் கேட்பார்கள்.

ரிம்மில் பசை வைத்து ஒட்டும் ட்யூபுலர் டயர் என்றால் புதிதை ஒரு நாள் பசையில்லாமல் ரிம்மில் மாட்டி இழுபட விடுங்கள். ரிம்மில் மெல்லிய பூச்சு ஒன்று, காய்ந்ததும் இன்னொன்று, டயரின் அடித்துணியில் ஒன்று. பசை தொட்டால் ஒட்டும் பதத்தில் வால்விலிருந்து தொடங்கி இரு கையாலும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே போய், கடைசி முழத்தைக் கட்டை விரலால் ஏற்றுங்கள். பூச்சு தடிமனாக இருந்தால் நன்றாக ஒட்டும் என்பது பொய், நடுவில் காயாமல் வழுக்கும்.

பிறகு படம். செயின் பக்கம்தான் கேமராவுக்கு. செயின் பெரிய ரிங்கில், பின்னால் சின்னப் பல்லில். வலது கிராங்க் முன்பக்கம் நேராக, அல்லது பின் சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாயான செயின்ஸ்டேயோடு ஒரே கோட்டில். டயரின் எழுத்து வால்வுக்கு நேரே, வால்வு இரண்டு சக்கரத்திலும் ஆறு மணியில். வால்வு மூடியைக் கழற்றிவிடுங்கள். சீட்டுப் பை, விளக்கு, தண்ணீர் பாட்டில் வேண்டாம். டாப் ட்யூபுக்குக் கீழே ஒரு சில்கா பம்ப் இருந்தால் மட்டும் விடுங்கள், அதுவும் ஃபிரேமின் அதே நிறமாக இருந்தால். பின்னணியில் குப்பைத்தொட்டி இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்து படத்தைப் போட்ட பிறகும் ஒருவர் வந்து, பின் பிரேக் கேபிளின் முனை மூடி அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று கேட்பார். அலுமினியம் போட்டிருங்கள்.